இன்னொருவர் கைக்குச் செய்த வில்

மொன்ட்ரியாலின் மேற்கே, புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் மதிய இடைவேளை. ஓகஸ்ட் மாதம். கைத்தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பிரெஞ்சில் ஒரு செய்தி வந்திருந்தது. வில்வேட்டைக்காரர்கள் படம் போடும் இணையக் குழுவில் என் படத்தைப் பார்த்திருக்கிறார்.

"உங்கள் கையில் இருக்கும் வில்லின் கீழ்ப்பாதியில், வார்னிஷுக்கு அடியில், கறுப்பு மையால் ஒரு பெயர் எழுதியிருக்கும். அது என் பெயர். நான் அந்த வில்லைப் பல வருடங்களாகத் தேடுகிறேன். விற்பீர்களா?"

பெயர் இருந்தது உண்மை. அதற்குக் கீழே வில்லின் நீளமும், அதை முழுதாக இழுக்கத் தேவையான பலமும் எழுதியிருக்கும்: ஐம்பது இறாத்தல். ஒருவருடைய உடலளவுக்கு ஏற்ப மரத்தை ஒட்டிச் சீவிச் செய்யும் வில்களில், யாருக்காகச் செய்தது என்பதைச் செய்தவரே எழுதிவிடுவார். பதினொரு வருடமாக அந்தப் பெயரைப் பார்த்து வந்தேன். அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கும் என்று யோசித்ததில்லை.

"இல்லை, மன்னிக்கவும்" என்று பதில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

வில்லை நான் வாங்கியது பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில். ஹொக்கி மட்டைகளுக்கு நடுவே, நாண் இல்லாமல், விறகுக்கட்டை போலக் கிடந்தது. அப்போது என்னிடம் கப்பிகள் பூட்டிய புதுவகை வில் ஒன்று இருந்தது. குறிபார்க்க அதில் தனியாக ஒரு கருவி, நாணை விடுவிக்க இன்னொரு கருவி. இந்த மரவில்லில் ஒன்றும் இல்லை. மானின் விலாவில் எந்த இடம் என்று கண் பார்க்கும், கை விடும், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் கப்பி வில்லை விற்றுவிட்டேன். பதினொரு இலையுதிர்காலங்களில் மரவில்லால் மூன்று மான்கள் கிடைத்தன. தவறியவற்றின் கணக்கு மனைவிக்குத்தான் தெரியும்.

மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. படுக்கையறைச் சுவரில் இரண்டு மரமுளைகளில் வில் படுத்திருக்கும். சுவரில் சாய்த்து நிறுத்தினால் காலப்போக்கில் முறுகிவிடும். குளிர்காலத்தில் சூடாக்கியைப் போட்டால் அறை வறண்டு மரம் வெடித்துவிடும் என்பதால், கீழே ஒரு கோப்பையில் தண்ணீர் வைப்பேன். முதல் குளிர்காலத்திலேயே மனைவி அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டார்.

"நான் காய்ச்சலாக் கிடக்கேக்கை ஒரு கோப்பை தண்ணி கேட்டு மூண்டு தரம் கூப்பிட்டனான்" என்றார். "உதுக்குக் கேக்காமலே கிடைக்குது, என்ன?"

வாரம் தவறாமல் நாணுக்கு மெழுகு பூசுவேன். வேட்டைக்கு முதல்நாள், பழைய பனியன் துண்டால் இரண்டு நுனிகளையும் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பார்ப்பேன். குளிர் கூடினால் நாணின் ஓசை கொஞ்சம் கட்டையாகிவிடும். நான் களைத்திருந்தால் அம்பு ஒரு சாண் இடப்பக்கம் போகும். இதையெல்லாம் வேறு வில்லோடு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் மறுபடி எழுதினார். விலை பற்றி ஒன்றும் இல்லை. "ஒரு தடவை பார்க்கலாமா? பார்க்க மட்டும்."

"பாவம், காட்டிப்போட்டு வாங்கோவன்" என்றார் மனைவி.

"காட்டினால் குடுக்க வேண்டி வரும்."

"ஏன் குடுக்கிறியள்? அந்தாள் வித்தது, நீங்கள் வாங்கினது. நில்லுங்கோ, நானும் வாறன். வில்லின்ரை முதல் மாப்பிள்ளை எப்பிடி எண்டு பாப்பம்."

அவர் வீடு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது. அறுபதைத் தொட்ட, ஒடிசலான மனிதர். வளவின் பின்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி இலக்கு வைத்திருந்தார். இருவருக்கும் ஆங்கிலம் ஒரே அளவு ஓட்டை என்பதால் அதிலேயே கதைத்தோம். தான் வேலை செய்த மரஆலை மூடியபோது, ஒரே கோடையில் வீட்டையும் படகையும் வில்லையும் விற்றாராம்.

"வீடும் படகும் இன்றுவரை என் கனவில் வந்ததில்லை" என்றார்.

உறையிலிருந்து வில்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் பெயரைப் பார்க்கவில்லை. வில்லைத் திருப்பி, மேல்நுனிக்கு அருகே இருந்த சிறு நசிவைப் பெருவிரலால் தேடிக் கண்டுபிடித்தார். "உறைந்த ஏரியில் விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இதற்குத்தான் ஆனது." பிறகு என்னைப் பார்த்து, "நாண் ஏற்றலாமா?" என்று கேட்டார். தன் வில்லுக்கு என்னிடம் அனுமதி கேட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவர் இடக்கையால் கைப்பிடியைப் பற்றியபோதுதான் கவனித்தேன். அந்தக் கையின் சின்னிவிரல் பாதிதான் இருந்தது. கைப்பிடியின் அடியில் ஒரு மேடு உண்டு. பதினொரு வருடமும் அது என் உள்ளங்கையின் ஓரத்தில் குத்தியது. செய்தவர் சரியாகச் சீவவில்லை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். என் பிடிதான் பிழை என்று பிறகு நினைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடித்துப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். இப்போது அந்த மேடு, இல்லாத அரைவிரலின் இடத்தில் போய்ப் பொருந்தி அவர் கையை நிறைத்தது.

அவர் மூன்று அம்பு விட்டார். மூன்றும் ஒரு தேசிக்காய் அகலத்துக்குள் நின்றன. அதே இடத்திலிருந்து நானும் மூன்று விட்டேன். இரண்டு நன்றாக, ஒன்று ஒரு சாண் இடப்பக்கம்.

"களைச்சுப்போனியளோ?" என்று மனைவி தமிழில் கேட்டார்.

"சும்மா இரும்."

அந்த மனிதர் வில்லின் நாணை இறக்கி, தன் சட்டையால் துடைத்து, உறையில் போட்டு என்னிடம் தந்தார். "மெர்சி. நன்றாக வைத்திருக்கிறீர்கள்." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கார் வளைவில் திரும்பும்வரை வாசலில் நின்றார்.

நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். வில் பின் இருக்கையில்.

"அந்தாளின்ரை விரலுக்குச் செய்த சாமான்" என்றேன்.

"கண்டனான்."

"குடுப்பம் எண்டு நினைக்கிறன்."

"குடுத்துப்போட்டு வருசம் முழுக்க மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருப்பியள். எனக்குத்தான் கரைச்சல்." பிறகு, "உங்கடை கைக்கு ஒண்டு செய்விச்சால் என்ன?" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்த கட்டில், மேசை, குளிர்கால மேலங்கி, கார் எல்லாமே முதலில் வேறு யாரிடமோ இருந்தவை. அவற்றுக்கேற்ப நாங்கள் வளைந்துகொண்டோம். அது குறையாகப் பட்டதும் இல்லை. வில்லிலும் அப்படித்தான் மணிக்கட்டை மடித்தேன்.

மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் கொடுத்த விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சொன்னது நான் எதிர்பாராதது: "இன்னும் ஒரு மாதத்தில் வேட்டை தொடங்கும். இந்த இலையுதிர்காலம் உங்களுடையது. பனி விழுந்த பிறகு கொண்டு வாருங்கள். இத்தனை வருடம் காத்திருந்தேன், இன்னும் சில மாதம் என்ன?" வில்லைச் செய்தவரின் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார்.

செய்தவர் ஒரு பெண். அவருடைய பட்டறை தெற்கே, எல்லைப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். புது வில்லுக்காக அவர் அனுப்பிய படிவம் உடலைப் பற்றியே கேட்டது. கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைய வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து, விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சமையலறைச் சுவரோடு சேர்ந்து கை விரித்து நின்றேன். மனைவி தையல் நாடாவை எடுத்து வந்தார்.

"நேரா நில்லுங்கோ. சிலுவையிலை அறைஞ்ச மாதிரி முகத்தை வைச்சிருக்காதேங்கோ."

"எவ்வளவு?"

"ஆடினால் எப்பிடிச் சொல்லுறது? அறுபத்தேழு. இல்லை, அறுபத்தேழரை."

என் கையைச் சுற்றி மனைவி பென்சிலால் வரைந்தபோது கூச்சத்தில் விரலை இழுத்துவிட்டேன். முதல் தாளில் ஆறாம் விரல் ஒன்று முளைத்தது. இரண்டாவது சரியாக வந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் மான் கிடைக்கவில்லை. ஒன்று பதினைந்து மீற்றர் தூரத்தில் வந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, வந்த வழியே போய்விட்டது. முதல் பெரும்பனிக்கு மறுநாள் வில்லை அவரிடம் கொடுத்தேன். வளவில் முழங்கால் அளவு பனி. அவர் வீட்டுக்குள் காப்பி ஊற்றிவிட்டு, வில்லோடு வெளியே போய், திரும்பி வரும்போது காப்பி ஆறியிருந்தது.

படுக்கையறை முளைகள் வெறுமையாக இருக்கின்றன. வில் செய்யும் வரிசையில் என் முறை பெப்ரவரியில் வரும் என்று செய்பவர் சொல்லியிருந்தார். வந்துவிட்டது. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார்: மேசைமேல் இரண்டு மரத்துண்டுகள், ஒன்று கருமையான வால்நட், மற்றது வெளிறிய மேப்பிள். கைப்பிடிக்கு எது என்று கேட்கிறார். மனைவி கறுப்பு என்கிறார், அழுக்குத் தெரியாதாம். எனக்கு வெளிறியதுதான் பிடிக்கிறது. என் கையின் அழுக்குப் படிந்து அது எப்படி நிறம் மாறும் என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.