படிக்க மட்டும் தனியாக ஒன்று

மின்தூக்கியில் எதிரே நிற்பவரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தால் நம் மனிதரின் கை தானாக நீண்டுவிடும். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்நியரின் காதோரம் இரண்டு விரல் போய், கம்பியை லேசாக வளைத்து, திரும்ப மாட்டியும் விட்டிருக்கும். இதற்காக இதுவரை யாரும் அவரை அடித்ததில்லை. அடிக்க நினைத்தவர்கள்கூடக் கண்ணாடி நேராக உட்கார்ந்துவிட்டதை உணர்ந்து, குழப்பத்தோடு நன்றி சொல்லிவிட்டு, தங்கள் மாடி வருவதற்கு முன்பே இறங்கிப் போயிருக்கிறார்கள்.

வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், ரொட்டிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிக் கடையில் அவர் மூத்த விற்பனையாளர். ஐம்பதைத் தாண்டியவர். ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. "அந்தச் சதுர பிரேம் அம்மா வந்தாங்களே, அவங்க வீட்டுக்காரர் ரிம்லெஸ்" என்றுதான் ஊர் முழுவதையும் தெரிந்து வைத்திருக்கிறார். துக்க வீட்டுக்குப் போனாலும் அழுதுகொண்டிருப்பவரிடம், "மூக்குல தழும்பு விழுந்திருக்கே, பேட் மாத்தலையா?" என்றுதான் ஆறுதல் சொல்லத் தொடங்குவார்.

கடையில் அவருக்கு 'ப்ளூ கட் அண்ணன்' என்று பெயர். திரையிலிருந்து வரும் நீல வெளிச்சத்தைத் தடுப்பதற்கென்று லென்சின் மேல் ஒரு பூச்சு உண்டு. அந்த ப்ளூ கட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதில் அந்த வளாகத்தில் அவருக்கு இணை கிடையாது. கணினியைத் தொட்டே அறியாத ஒரு தோட்டக்காரருக்கு அவர் அதை விற்ற விதத்தை இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள்.

"வீட்டுல டிவி இருக்குல்ல சார்?"

"இருக்கு. நான் பாக்குறதில்ல."

"நீங்க பாக்கலைன்னாலும் அது உங்களப் பாக்குதுல்ல?"

தோட்டக்காரர் இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்.

கடையை விட்டால் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் படிப்பது. அதிலும் துப்பறியும் நாவல். வீட்டில் அலமாரி நிரம்பி, கட்டிலின் அடி நிரம்பி, அடுத்து நம் தலையணைக்குத்தான் வரும் என்று மனைவி எச்சரித்த பிறகு ஒரு தொடுதிரை டேப் வாங்கி, அதில் நாவல்களை இறக்கிக்கொண்டார். மாலையில் மனைவி சமையலறையில் காய் நறுக்கும்போது, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பார். எல்லாப் பாத்திரங்களும் அவர் வாயில் ஒரே குரலில் பேசும். வில்லன் மட்டும் கடையின் முதலாளியம்மா மாதிரி பேசுவான்.

மனைவிக்கு வேலை குடிநீர் வழங்கும் அலுவலகத்தில். தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் வந்தது என்று நாள் முழுவதும் தொலைபேசியில் புகார் கேட்பவள். அவளுக்கு ஒரு நாளில் புகார் இல்லாமல் காதில் விழுகிற ஒரே சத்தம் அந்த அரை மணி நேரப் படிப்புதான். பிணம் விழுந்தால்கூட அவளுக்குச் சந்தோஷம். "செத்தவன் போன் பண்ண மாட்டான்ல" என்பாள்.

அந்தப் படிப்பு நின்று இரண்டு மாதம் ஆகிறது.

புத்தகம் படிப்பதற்கென்றே தனியாக ஓர் இ-ரீடர் வாங்குவதா, டேப்போடு காலம் தள்ளுவதா என்று அவர் ஆராயத் தொடங்கியதும் அப்போதிருந்துதான். ஆராய்ச்சி முழுவதும் டேப்பிலேயே நடந்தது. காணொளியில் ஒருவர் உச்சி வெயிலில் மணலில் படுத்துக்கொண்டு, எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று காட்டுவார். இன்னொருவர் அதே கருவியைக் குளியல் தொட்டியில் முக்கி எடுப்பார். குளியலறையில் ஒரு வாளிக்கு மேல் வைக்க இடமில்லாத நம் மனிதர் இவற்றையெல்லாம் கண்ணீர் வழிய வழியப் பார்த்தார். உருக்கம் ஒன்றும் இல்லை, எரிச்சல். கண் எரியாமல் படிக்க என்ன வழி என்பதைக் கண் எரிய எரியத் தேடிக்கொண்டிருந்தார்.

எரிகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் மூக்கின் மேல் இருப்பது கடையிலேயே உயர்ந்த ப்ளூ கட். அவரே அளவெடுத்து, அவரே தேர்ந்து, தமக்குத் தாமே பேசி விற்றுக்கொண்டது. முடி வளர்க்கும் தைலம் விற்பவருக்கு வழுக்கை விழுந்தால் ஊரே சிரிக்கும். அதற்கு இது தேவலாம். எரிச்சல் வெளியே தெரியாது. வாயைத் திறக்காதவரை வியாபாரத்துக்குப் பாதகமில்லை.

ஆகவே அவர் படிப்பதை விட்டார், டேப்பை விடவில்லை. மாலையில் வழக்கம்போல் அதைக் கையில் பிடித்து உட்கார்ந்து, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, அவ்வப்போது ஒரு விரலால் தள்ளி, "உம்" என்பார். "சத்தமா படிங்களேன்" என்றால், "இது கொஞ்சம் போர். நல்ல கட்டம் வரட்டும்" என்பார். இரண்டு மாதமாக நல்ல கட்டமே வராத அந்த நாவலை அவர் ஏன் கீழே வைக்கவில்லை என்று மனைவி கேட்கவில்லை.

இ-ரீடர் பற்றி மட்டும் வீட்டில் விவாதம் நடந்தது. அதாவது அவரே பேச்சை எடுப்பார், அவரே மறுப்பார்.

"டேப்லயே எல்லாம் இருக்கும்மா. படிக்க மட்டும் தனியா ஒண்ணு எதுக்கு? ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சாமானா? நல்லா ஏமாத்துறானுங்க."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுனு எனக்கு நாலு கண்ணாடி மாட்டி விட்டிருக்கீங்க. எனக்கு இருக்குறது ஒரே மூக்கு."

"அது கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம்."

"அப்ப படிக்கிறது என்ன, காது சம்பந்தப்பட்டதா?"

அவர் டேப்பை ஒரு விரலால் தள்ளி "உம்" என்றார்.

இந்த நிலையில்தான் ஒரு விடுமுறை நாளில் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, மின்தூக்கி பழுதுபார்ப்பவன். உதிரி பாகம் வரும்வரை மொட்டை மாடி இயந்திர அறையில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை. அந்த நேரத்தில் படிப்பதற்காக ஓர் இ-ரீடர் வைத்திருந்தான். பழைய சிலேட்டு மாதிரி, பளபளப்பே இல்லாமல், சாம்பல் நிறத்தில். போதாததற்கு, மாமா போட்டுக் கொடுத்த கண்ணாடி அவன் முகத்தில் இல்லை.

"கண்ணாடி எங்கப்பா?"

"பெட்டியில பத்திரமா இருக்கு மாமா. இதுல எழுத்தப் பெரிசாக்கிக்கலாம். வெளிச்சமும் மூஞ்சியில அடிக்காது. அதனால கண்ணாடி தேவையே படல."

கண்ணாடி தேவைப்படவில்லை என்ற வாக்கியம் அந்த வீட்டில் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை.

அவர் கருவியைக் கையில் வாங்கினார். விளக்கின் கீழ் இப்படியும் அப்படியும் சாய்த்து எதிரொளிப்பு விழுகிறதா என்று பார்த்தார். வாயால் ஆவி ஊதிச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு குறைகளைச் சொல்லத் தொடங்கினார்.

"பக்கம் தள்ளினா கருப்படிச்சு வெளுக்குது. கண்ணு மூடித் தொறக்குற நேரம் ஆகுதே."

"அந்த நேரத்துல கண்ணச் சிமிட்டிக்கலாம்ல மாமா? கடையில எல்லாருக்கும் நீங்கதான சொல்வீங்க, சிமிட்டுங்க சிமிட்டுங்கன்னு."

"கலரே இல்ல. அட்டைப்படம் பழைய பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு."

"அட்டையையா படிக்கப் போறீங்க?"

"ஒரு போன் பேச முடியுமா இதுல? ஒரு வீடியோ?"

"முடியாது. அதுக்குத்தான் வாங்கினேன். சூப்பர்வைசர் இதுக்குள்ள வந்து 'எங்கடா இருக்க'னு கேக்க மாட்டார்."

அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குறை தேடும் சாக்கில் முதல் பக்கத்தைப் பார்த்தவர் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தார். குறை இன்னும் அகப்படவில்லை என்பதால் மூன்றாம் பக்கத்துக்கும் போனார். மைத்துனன் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றபோதுதான் தலையை நிமிர்த்தினார்.

"வச்சிருங்க மாமா. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்."

திருப்பித் தர நீட்டிய கையை அந்த நேரத்தில் அவர் மடக்கியிருந்தால் போதும். அவரோ கருவியை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம்ப்பா. நமக்கு டேப்பே தாராளம்."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் முக்காலியில் உட்கார்ந்து டேப்பைப் பிடித்தபோது, மனைவி காய் நறுக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

சில நாள் கழித்துக் கடைக்கு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதுபோலவே முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தார். ப்ளூ கட். அண்ணன் கைபட்ட சரக்கு.

"தம்பி, நீங்க சொன்ன பூச்சு போட்டாச்சு. டேப்ல பேப்பர் படிக்கிறேன், கதை படிக்கிறேன். கண்ணு பச்சமிளகா பட்ட மாதிரி எரியுது. படிக்கிறதுக்குன்னே தனியா ஒரு மெஷின் வருதாமே, அத வாங்கட்டுமா? இல்ல, இன்னும் ஒசத்தியா பூச்சு இருக்கா?"

அடுத்த மேசையில் முதலாளியம்மா கணினியைப் பார்த்தபடி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். ஒசத்தியான பூச்சு இருந்தது; பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அண்ணனின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. அதற்குள் ஓட்டுநர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"நீங்க எதுல படிக்கிறீங்க?"

அண்ணன் அவருடைய லென்சை எடுத்துத் துடைத்தார். சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார்.

"நான் இப்பல்லாம் படிக்கிறதே இல்லீங்க."

அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சொன்ன வார்த்தைகளில் கலப்படமில்லாதது அதுவாகத்தான் இருக்கும். ஓட்டுநர் பதறிப்போனார்.

"அடப் பாவமே! கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டே கண்ணக் கெடுத்துக்கிட்டீங்களா?"

வெளியே போகும்போதும் வாசலில் ஒருமுறை திரும்பி, நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகும் உறவுக்காரர் மாதிரி தலையசைத்துவிட்டுப் போனார். ஒசத்தியான பூச்சு பெட்டியிலேயே இருந்தது. "என்ன, வந்தவர் ஒண்ணும் வாங்கலையா?" என்றார் முதலாளியம்மா. "யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்றார் அண்ணன், பழைய சரளத்தோடு.

சாயங்காலம் அவர் முக்காலியில் உட்கார்ந்தார். டேப்பை எடுக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு கஸ்டமர்கிட்ட, நான் படிக்கிறதே இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அவர்கிட்டயாவது சொன்னீங்களே" என்றாள் மனைவி, பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏங்க, காதுல வாங்காமலே 'உம்' போடுறது எங்க ஆபீஸ்ல வேலை. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. எங்கிட்டயே வந்து 'உம்' போடுறீங்க." கத்தியை நிறுத்தினாள். "ரெண்டு மாசமா உங்க கதையில அந்த இன்ஸ்பெக்டர் மாடிப்படியில ஒரு கால மேல வச்சுக்கிட்டு நிக்கிறான். மேல இருமினது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நானே எடுத்துப் படிச்சிருப்பேன். ஆனா நான் படிச்சா அது ஆபீஸ் மாதிரி இருக்கும். நீங்க படிக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் கண்களைக் கசக்கிக்கொண்டார். வாடிக்கையாளர் யாராவது அப்படிச் செய்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார்.

"எரியுதும்மா" என்றார்.

"பதிவு பண்ணியாச்சு" என்றாள் அவள். "புகார் நம்பர் வேணுமா?"

அன்றைக்கே இ-ரீடருக்கு ஆர்டர் போட்டார். அந்த டேப் அந்த வீட்டில் பல வாரங்களாகச் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். போடுவதற்கு முன் சில நிபந்தனைகள் விதித்தார்: கடையில் யாருக்கும் தெரியக் கூடாது, மைத்துனனுக்கு ஜென்மத்துக்கும் தெரியக் கூடாது, உறை கருப்பாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மனைவி "உம்" என்றாள்.

கடையில் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. ப்ளூ கட் முன்பு போலவே விற்கிறது. "எரிச்சல் நிக்குமா?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் "நிக்காம?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். இப்போது அந்த இடம் வரும்போது அவருக்கு லென்சைத் துடைக்கும் வேலை வந்துவிடுகிறது.

கருவி வந்த அன்று மாலை, எழுத்தைப் பெரிதாக்கினார். போதவில்லை என்று இன்னும் பெரிதாக்கினார். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் கொண்டது. படித்து முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துபோனதால், ஓடும் பேருந்தில் டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் தள்ளிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தேவைப்படாமல் நெற்றிக்கு ஏறியது. இன்ஸ்பெக்டர் இரண்டாவது காலையும் எடுத்து வைத்தான். இருமியது சமையல்காரன் என்று தெரிந்ததும் மனைவி, "நான் அப்பவே நெனச்சேன்" என்று பொய் சொன்னாள். முதலாளியம்மாவின் குரலில் வில்லன் பேச ஆரம்பித்தான்.

அழைப்பு மணி அடித்தது.

அவர் பாதி வரியில் நின்றார். கீழ் வீட்டுக்காரரோ, மேல் வீட்டுக்காரரோ, வாடகை வாங்க வரும் அம்மாவோ, யாராக இருந்தாலும் வாசலில் நிற்பவர் மூக்கில் அவர் விற்ற ப்ளூ கட் இருக்கும். அந்தக் கட்டடத்தில் அது ஏறாத மூக்கு இல்லை. கருவியை எங்கே ஒளிப்பது என்று அவர் தேட, கருப்பு உறையோ கூடத்து நாற்காலியில் கிடந்தது.

மனைவி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போகிற வழியில் முக்காலியின் அருகே நின்று, ஒரு விரலால் அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டாள். பிறகுதான் கதவைத் திறக்கப் போனாள்.