கால் கழுவும் குழாயடியில் நழுவிய ஜெல்

என் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரு புண். குளிர் தொடங்கிய நாட்களில் கதிரைக் காலில் இடித்து வந்தது. சீனி வருத்தம் உள்ள உடம்பு, இன்னும் ஆறவில்லை. கிளினிக்கில் நர்ஸ் பழைய துணியை உரித்துப் புதிது கட்டுவாள். உரிக்கும்போது, அரும்பிய புதுத்தோலும் துணியோடு சேர்ந்து வந்துவிடும். "ஓகே?" என்று கேட்பாள். நானும் "ஓகே" என்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் "பெயின்" என்ற சொல் எனக்குத் தெரியும். அந்த நர்ஸ் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் வாய் வராது.

எரிச்சல் என்னவென்றால், சுற்றியுள்ள தோலைப் பிடித்துக்கொண்டு புண்ணில் மட்டும் ஒட்டாத ஒன்றைத்தான் என் மகள் செய்துகொண்டிருக்கிறாள். இங்கே மெல்பேர்னில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. கடதாசி செய்கிற மரக்கூழை என்னவெல்லாமோ செய்து, தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் ஜெல் ஆக்குகிறார்கள். பார்க்கக் கடல்பாசித் துண்டு மாதிரி இருக்கும்.

"உங்களுக்கென்ன அன்ரி, வீட்டிலயே மருந்து" என்று கோயிலில் சொல்வார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

"ஒரு துண்டு வைச்சுப் பாரன், பிள்ளை" என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"ஏலாதம்மா. பெர்மிஷன் இல்லாமல் ஒருத்தற்ற புண்ணிலயும் வைக்கேலாது. அதிலயும் நீங்கள் என்ர அம்மா."

"அப்ப இப்ப ஆருக்கு வைக்கிறாய்?"

"பண்டித் தோலுக்கு. இறைச்சிக்கடையில வாங்கிறது."

"பண்டிக்குக் கிடைச்சது பெத்தவளுக்கு இல்லையோ?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பண்டித் தோலில நல்லாத்தான் ஒட்டுது. நடந்து திரியிற காலில நிக்குமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, புண் இல்லாத என் வலது காலில் ஒரு துண்டை ஒட்டினாள். "இதில மருந்தொண்டும் இல்லை, மரக்கூழும் தண்ணியும்தான். இரவு வரைக்கும் நிண்டுதெண்டால், ஆக்களின்ர புண்ணில வைச்சுப் பாக்கிறதைப் பற்றி மேலிடத்தில கதைக்கலாம். நனைச்சுப் போடாதேங்கோ."

குளிக்கும்போது பொலித்தீன் பை கட்டினேன். சமைத்தேன், கூட்டினேன், ஹீட்டருக்கு முன்னால் இருந்தேன். அது அசையவில்லை. குனிந்து குனிந்து தொட்டுப் பார்த்தேன். இடது காலுக்கும் ஒரு விடிவு வருகிறது என்று மனம் சும்மா குதித்தது.

பின்னேரம் மகளோடு கோயிலுக்குப் போனேன். இரண்டாம் சுற்று வரும்போது பின்னால் ஒரு பெண் சத்தம் போட்டாள்:

"ஆரோ கடல்பாசியைக் கொட்டிப் போட்டினம். வழுக்கும், பாத்து வாங்கோ!"

திரும்பிப் பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது. முகம் எரிந்தது. என்னுடையது என்று சொல்ல நா எழவில்லை. மகள்தான் போய் ரிஷு பேப்பரால் அதை எடுத்தாள்.

காரில் ஏறியதும் தொடங்கினாள். "நனைக்க வேண்டாம் எண்டெல்லே சொன்னனான்?"

"நான் எங்கையடி நனைச்சனான்? குளிக்கேக்க பை கூடக் கட்டினனான்."

"அப்ப என்னெண்டு இப்பிடி ஊதினது?"

கேட்ட பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. கோயில் வாசலில் கால் கழுவும் குழாயை எனக்குத் திறந்துவிட்டவளே அவள்தான். விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டும் நின்றாள். இடது காலில் கட்டு நனையாமல் விரல்களை மட்டும் கழுவினேன். வலது காலை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். கோயிலுக்குக் கால் கழுவுவதை நனைப்பது என்று எங்களில் யார் நினைக்கிறோம்? செருப்பைக் கழற்றுவது மாதிரி அது தன்பாட்டில் நடக்கும்.

"தண்ணி கூடக் குடிச்சால் பிடி விடும் எண்டு தெரியும். இவ்வளவு கெதியா விடும் எண்டு..." ஸ்ரியரிங்கில் கையால் அடித்தாள். "திரும்ப முதலில இருந்து செய்யவேணும்."

"என்ர காலுக்கு எப்ப வரும்?"

"தெரியாதம்மா. வருசக்கணக்காகும்."

என் வயதுக்காரியிடம் சொல்லும் பேச்சா அது? யாரோடு கோபிப்பது என்றும் தெரியவில்லை. மரக்கூழோடு கோபிக்க முடியுமா? வீடு வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் புதிதாகச் செய்த துண்டை வலது காலில் ஒட்டி, அவளே என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போகிறாள். ஈரத்தில் குந்தியிருந்து என் காலையே பார்க்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

"என்ன பிள்ளை, தோடு கீடு துலைஞ்சிட்டுதோ?" என்று போன கிழமை பின்னால் நின்ற ஐயா ஒருவர் கேட்டார்.

"இல்லை அங்கிள், அம்மாவின்ர காலைப் பாக்கிறன்."

"நல்ல பிள்ளை பெத்திருக்கிறியள்" என்றார் என்னிடம்.

குளிர்ந்த தண்ணீர் ஓடியது. ஜெல் மெல்ல ஊதியது, ஓரம் கிளம்பியது, நழுவி அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது. அவள் போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். இடது காலில் அந்தத் துணி, உரிக்க ஏலாதபடி, புண்ணோடு ஒட்டிக் கிடந்தது.