எதிர்வீட்டுப் பிள்ளை

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுணில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றம், எதிரெதிரே வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய்.

முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மனநிலை சரியில்லாமல் போனது. தூக்கம் போயிற்று. யாரோ பிள்ளையைத் தூக்கிப்போக வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு கத்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தில் தெளிந்து வீடு திரும்பியபோது தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார்கள். மகளை மாமியார் தன் ஊரான திசையன்விளைக்குக் கொண்டுபோயிருந்தார். நன்றாகக் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றாராம். எனக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை.

கணவர் வேலைக்குப் போனதும் வீட்டில் சத்தமே இருக்காது. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டில் வளைகாப்பு நடந்தது. பாட்டும் சிரிப்பும் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தன, என்னை அழைக்கவில்லை. அன்று சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுக்குக் கைப்பிள்ளையோடு ஒரு பெண் குடிவந்தார். கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களாம். வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும், அதுவரை பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

நான் கை நீட்டவில்லை. “என்னைப் பத்தி யாரும் சொல்லலையா?” என்றேன்.

“சொன்னாங்க மதினி. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வேளைக்கு மாத்திரை போடுதிய, உங்க சோலியப் பாக்குதிய. பிள்ளையப் பிடிங்க, கை வலிக்கு.”

என் மகளைத் தூக்கியே மாதக்கணக்காகியிருந்தது. கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பிள்ளை வீரிட்டு அழுதான். எதிர் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தேன். பைய அழுகை அடங்கி, என் கழுத்தில் மூச்சுச் சூடு பட, தூங்கிப்போனான். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

மறுநாளும் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாளும். ஒருநாள் சீக்கிரமே வீடு வந்த என் கணவர், மடியில் பிள்ளையோடு இருந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை திசையன்விளைக்கு பஸ் ஏறினார். தன் அம்மாவோடு வாதாடி மகளைக் கூட்டிவந்தார். அவளுக்கு என் முகம் மறந்திருந்தது. என்னிடம் ஒட்ட வெகுநாள் ஆனது.

வளவில் மற்றவர்கள் கடைசிவரை மாறவில்லை. எதிர்வீட்டுக்காரரும் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இன்றும் நான் மருந்து சாப்பிடுகிறேன். விஷயம் தெரிந்து யாராவது என்னை விட்டு விலகி உட்காரும்போதெல்லாம், தன் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோன அவரை நினைத்துக்கொள்வேன். அந்தத் தனிமை அப்போது கொஞ்சம் தாங்கும்படி ஆகிவிடும்.