தோட்டத்தில் படிந்த உப்பு

என் கணவர் பல வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடமாநிலங்களைச் சுற்றியவர். யார் யார் நிலத்திலோ போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், இடுப்புவலியோடு ஊர் திரும்பியதும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரு போர் போட்டார். வெகு ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது. புழுதியடங்கி நுரையோடு அது மேலே பீறிட்டபோது நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவர் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு எங்கோ பார்த்தபடி நின்றார்.

“உப்பு, புள்ள,” என்றார்.

வேறு தண்ணீர் இல்லை. அதையே மரவள்ளிக்குப் பாய்ச்சினோம். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கோடையில் இலைநுனிகள் கருகின. விடியற்காலையில் பார்த்தால் பாத்தி ஓரமெல்லாம் பனி இறங்கியதுபோல் வெண்மை. வெயில் ஏறியும் அது கரையாது. வெறுங்காலில் நடந்தால் மெல்ல நொறுங்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம். அவர் தோட்டத்துப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார்.

ஒருநாள் பையில் மண்ணும் பாட்டிலில் தண்ணீருமாக பஸ் ஏறி மண் பரிசோதனைக்குப் போனேன். அங்கிருந்த பெண் நிதானமாகச் சொன்னார்: தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும், மழைத் தண்ணீரை வயலில் தேக்கி நிறுத்தினால் அது உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டுபோகும். பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மண்ணோடு மடக்கி உழவும் சொன்னார்.

கிழங்கு பிடுங்கியதும் டிராக்டர் வைத்து நிலத்தைச் சமன்படுத்தி, நாலு பக்கமும் வரப்பை உயர்த்தினேன். அப்போதும் அவர் தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மதியம் மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் வயல் முழுக்கத் தண்ணீர். மழை சற்று ஓய்ந்த நேரத்தில் அந்தத் தண்ணீருக்குள் மேகங்கள் நகர்ந்தன. தூரத்துத் திருச்செங்கோட்டுக் கோயில் மலை தலைகீழாகக் கிடந்து அசைந்தது. எங்கள் நிலம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவர் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். தண்ணீர் தேங்கினால் வரப்பை வெட்டிவிடுவதுதான் இங்கே வழக்கம்.

“ஏனுங்க, வெட்டாதீங்க. இது உப்பில்லாத தண்ணிங்க. இறங்கட்டும்.”

மறுபடி தூற ஆரம்பித்தது. அவர் நனைந்துகொண்டே வரப்போரமாக நடந்து பார்த்தார். பிறகு கசிந்துகொண்டிருந்த ஓரிடத்தில் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தார். வந்து என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். எங்கேயோ வடக்கே ஒரு ஊரில் போர் போட்டதைப் பற்றிப் பேசினார். அங்கேயும் உப்புத் தண்ணீர்தான் வந்ததாம். அந்த நிலத்துக்காரர் ஒன்றும் கேட்காமல் எல்லாருக்கும் டீ கொடுத்தாராம். மறுநாள் காலையில் ரிக் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது.

“அந்தத் தண்ணிய வெச்சு அவிங்க என்ன பண்ணுனாங்களோ, புள்ள. நான் நெனச்சே பாக்கல.”

தண்ணீரில் மழைத்துளிகள் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தன.

இரண்டு நாளில் தண்ணீர் முழுக்க இறங்கியது. அடுத்தடுத்த மழைகளையும் தேக்கினோம். தக்கைப்பூண்டு என் தோள்வரை வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. மடக்கி உழுதபிறகு, போர்த் தண்ணீர் வேரடியில் சொட்டுச் சொட்டாக விழும்படி அவரே டிரிப் குழாய்களை இழுத்துப் போட்டார். முதலில் சோளம் போட்டோம். இந்த வருடம் மேல்பாதியில் மரவள்ளி. கீழ்மூலை மட்டும் இன்னும் தேறவில்லை, அதைப் புல்லுக்கே விட்டுவிட்டோம்.

உப்பு முழுக்கப் போய்விடவில்லை. சொட்டுகிற ஈரத்தைச் சுற்றி வெளிவட்டமாக ஒதுங்கி நிற்கிறது. லேசான தூறல் அதைக் கரைத்து வேருக்கே தள்ளிவிடும் என்பதால், தூறும்போதெல்லாம் அவர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, சொட்டுநீரால் அதை மறுபடி வெளியே ஒதுக்குகிறார். மழையில் மோட்டார் ஓடுகிறதே என்று ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.