கரும்பலகையின் இடது மூலை

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு ஐந்து. கத்திரி முடிந்துவிட்டதென்று சொன்னார்கள். வெயிலுக்கு அது தெரியவில்லை. இலை அசையாத புழுக்கம். இரும்புலியூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியின் ஏழாம் வகுப்பு 'சி' பிரிவுக்குள் நான் நுழைந்தபோது பிள்ளைகள் யாரும் வந்திருக்கவில்லை. ஆனால் கரும்பலகையின் இடது மூலையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெட்டி வரைந்து, தலைப்பும் எழுதி, கீழே ஐந்து கோடுகள் போட்டு வைத்திருந்தார்கள். தமிழ் பேசுகிறவர்களின் பெயரை எழுத அந்த இடம். ஆள் வருவதற்கு முன்பே குற்றத்துக்கு இடம் ஒதுக்கிவிடுகிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நீங்களும், என்னைப் போல் கடல் கடந்து வந்தவர்களும் இதை நம்பமாட்டீர்கள். தமிழ்நாட்டில், தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் பேசினால் பெயர் எழுதப்படும். பெயர் வந்தவர் மணி அடிக்கும்வரை எழுந்து நிற்க வேண்டும். எழுதுவது வகுப்பு லீடரின் வேலை. மாலையில் சூப்பர்வைசர் மிஸ் வந்து பார்க்கும்போது பெட்டி காலியாக இருந்தால் லீடர் நிற்க வேண்டும்.

நான் அங்கே போனது கல்விச் சேவைக்காக அல்ல. ஊரில் முப்பத்தோரு வருடம் கணக்கராக இருந்தவன். அறுபத்திரண்டு வயதில் புது வாத்தியார். அதற்கு முந்தைய வருடம் என் மகளின் மகள் வாணி அதே பள்ளியில் நாலாம் வகுப்பில் படித்தாள். ஒருநாள் சூப்பர்வைசர் மிஸ் ஏதோ கேட்க, குழந்தை நம் வழக்கப்படி, ஆமாம் என்பதற்கு “ஓம் மிஸ்” என்று சொல்லியிருக்கிறாள். “இன்னாடி ஓமு? கோயில்ல மணியாட்டினு கீறியா?” என்று அந்த அம்மா சிரிக்க, வகுப்பே சிரித்தது. பெயரையும் எழுதி, பெஞ்சின் மேல் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு வாணி பள்ளியில் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் பாதிப் பேச்சு நின்றுவிட்டது. மகள் அவளை வேறு பள்ளிக்கு மாற்றினாள். நான் மாறவில்லை. கணக்கு ஆசிரியர் தேவை என்று அந்தப் பள்ளி வாசலில் பலகை வைத்த அன்றே விண்ணப்பித்தேன். வாணியின் தாத்தா என்று அங்கே யாருக்கும் தெரியாது. பழி வாங்கவே போனேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

புது ஆசிரியர்கள் வகுப்பை எப்படி நடத்தப்போகிறார்கள் என்று ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் இரண்டு இரவு உட்கார்ந்து யோசித்தேன். நாற்பத்துநாலு பிள்ளைகள், பதினொரு பெஞ்சு, ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் வாத்தியாரின் தலைக்கு மேல். என் மேசையைச் சன்னல் பக்கம் தள்ளிவிட்டு பெஞ்சுகளை விசிறியைச் சுற்றிப் போட்டேன். வாரம் ஒரு வரிசை முன்னே வரும். பொழிச்சலூரிலிருந்து வரும் வேன் தாமதமானால் அதில் வரும் ஐந்து பேரும் வெளியே நிற்க வேண்டாம், சத்தமில்லாமல் வந்து உட்காரலாம். ஒரு கிழமைக்குள் எல்லாப் பெயரும் எனக்குப் பாடமாகிவிட்டது. சார்ட்டின் கடைசி வரியில், இந்த வகுப்பின் விதிகள் உள்ளே வரும் அனைவருக்கும் பொது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சூப்பர்வைசர் மிஸ் படித்துவிட்டு, “வெரி வெல்கமிங், சார்” என்றார். நன்றி சொன்னேன்.

முதல் நாளே விதி என்மேல்தான் பாய்ந்தது. சத்தம் பொறுக்காமல், “கதையாதேங்கோ” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நமக்கு அது பேசாதீர்கள் என்பது. அவர்களோ, “ஐ! சார் கதை சொல்லப்போறாரு டோய்!” என்று கை தட்டினார்கள். லீடர் சரண்யாவிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து என் பெயரை எழுதச் சொன்னேன். மணி அடிக்கும்வரை நாற்காலியைத் தொடாமல் நின்றேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் பெரும்பாலும் என் பெயர்தான். யார் பெயர் எழுதப்பட்டாலும் பயமில்லை என்றானது. பிள்ளைகள் கணக்கும் நன்றாகப் போட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும், அது என் திட்டத்தில் பெரிய இடம் பெறவில்லையென்றாலும்.

ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை. பள்ளியின் முதலாளி, இங்கே கரஸ்பாண்டன்ட் என்பார்கள், சுற்றிப் பார்க்க வரும் நாள். அவர் எங்கள் மாடிக்கு ஏறும் நேரத்தில் வாய்க்கணக்குப் போட்டி வைத்தேன். இரண்டு அணி, விடையை முதலில் கத்துகிறவருக்கு மதிப்பெண். கூரை அதிர்ந்தது. நான் எதிர்பார்த்தபடியே சூப்பர்வைசர் மிஸ் பாய்ந்து வந்தார். கோபம் வந்தால் அவருக்கு ஆங்கிலம் போய்விடும்.

“இன்னாது இது? கிளாஸா, மீன் மார்க்கெட்டா? வாயத் தொறந்தீங்க, தோல உரிச்சி உப்பு தடவிடுவேன்!”

சரண்யா எழுந்து என்னைப் பார்த்தாள். கையில் சுண்ணக்கட்டி இருந்தது.

“எழுது பிள்ளை” என்றேன்.

நியாயமான பிள்ளை. முதலில் என் பெயரை எழுதினாள். அடுத்த கோட்டில் சூப்பர்வைசர் மிஸ் பெயர். அவருக்குப் பின்னால் வந்து நின்ற கரஸ்பாண்டன்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். “இன்னாம்மா, நீயே மாட்டிக்கினியா?” சரண்யா ஒரு நொடி யோசித்தாள். பிறகு மூன்றாவது கோட்டில் அவர் பெயரையும் எழுதினாள். சிரிப்பு நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மிஸ்ஸும் போகத் திரும்பினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், மிகுந்த மரியாதையோடு, சுத்தமான ஆங்கிலத்தில், “மிஸ், யூ மஸ்ட் ஸ்டாண்ட் டில் த பெல், மிஸ்” என்றது.

நாற்பத்துநாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனால் விதி செத்தது. அந்த விதியோ அவரே கொண்டுவந்தது, அவர் பெற்ற பிள்ளை மாதிரி. கதவருகே நின்றார். காதுவரை சிவந்திருந்தது. நானும் என் இடத்தில் நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

மாலை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். “படிச்சவரு நீங்க. பசங்க முன்னாடி இன்னா சார் இந்த பேஜாரு?” என்றார் கரஸ்பாண்டன்ட்.

“உங்கட சட்டம்தானே ஐயா.”

“புள்ள இங்கிலீஷ் பேசுதுன்னுதான் சார் பெத்தவன் காசு கட்றான். இல்லாட்டி எவன் சேர்ப்பான்?”

“அந்தப் பொண்ணுக்கு டி.சி. குடுத்துடுங்க சார்” என்றார் மிஸ், என்னைப் பாராமல்.

சரண்யாவைப் பள்ளியை விட்டு அனுப்புவதை மட்டும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. எழுதச் சொன்னது நான், ஆகவே போகவேண்டியதும் நான்தான் என்றேன். அவளைத் தொடுவதில்லையென்றால் சம்பளம் கேட்கமாட்டேன், வெளியே யாரிடமும் பேசவும் மாட்டேன் என்றேன். கரஸ்பாண்டன்ட் வியாபாரி, உடனே தலையசைத்தார். அவள் பத்தாம் வகுப்புவரை அங்கேதான் படித்தாள், விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது வாணி மட்டும் கேட்டாள். “அந்த மிஸ் நிண்டவவோ, அம்மப்பா?”

“ஓம், நிண்டவ.”

“எவ்வளவு நேரம்?”

“ஏழு நிமிசம்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. நான் முற்றத்தில் போய் நின்றேன். கொழும்பில் விடுதி மாறும்போதெல்லாம், தமிழன் என்பதால் காவல் நிலையத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். இங்கே, தமிழ் பேசியதால் கரும்பலகையில். இரண்டு நாட்டிலும் ஒரே குற்றத்துக்குப் பெயர் வந்தவன் எந்த நாட்டுக்காரன் என்று நீங்கள்தான் எனக்கு எழுதவேண்டும்.

மறுநாள் ஐந்தாம் தேதி, மற்ற ஆசிரியர்களுக்குச் சம்பள நாள். எனக்கு வராமல் போனது ஜூன் மாதம் இரண்டாயிரத்து நானூறு, ஜூலையில் நாலு நாளுக்கு முந்நூற்று இருபது. ஆக, அந்த ஏழு நிமிடத்தின் விலை இரண்டாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.