பதினேழாம் நம்பர் பெட்டி

எங்கள் பாலம்மாள் மதினி எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் இருக்கிற இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போவார். கேட் இருந்தால் கேட், இல்லாவிட்டால் ஜன்னல் கம்பி. நாரணாபுரத்தில் அவர் வீட்டு வாசலிலேயே குழாய் இருப்பதால் அந்தக் குழாய். பட்டாசுக் கம்பெனியில் மருந்து இருக்கிற அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்பார்கள். பதினான்கு வருஷம் திரி அறையில் வேலை பார்த்தவருக்குக் கை தானாகப் போகிறது. என் கல்யாணத்தன்று மண்டப வாசலில் இருந்த பன்னீர்ச் சொம்பைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். ஏதோ சடங்கு என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேரும் சொம்பைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் நான் கவனிப்பதற்குக் காரணம், வேறு வேலை இல்லாததுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பேச்சு வராதவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னதே நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி கணக்கு.

போன வருஷம் ஆடியில் ஊர்க்காவலன் அண்ணன் போய்விட்டார். மதினியின் புருஷன், என் கூடப் பிறந்தவர். கிஃப்ட் பெட்டி கட்டுகிற பேக்கிங் பிரிவில் வேலை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் கேட்டது, எந்தக் கம்பெனியில் என்று. வெடி விபத்து இல்லை, நெஞ்சுவலி என்று சொன்னதும் நெஞ்சுவலியா என்று திரும்பக் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் நாற்பத்திரண்டு வயதுக்காரர் நெஞ்சுவலியில் சாவதற்கு யாரும் பழகவில்லை.

அண்ணனைக் கொண்டுவந்த வேனிலிருந்து இறங்கிய மதினி, குழாயைத் தொட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். அழவில்லை. பதினாறாம் நாள் வரைக்கும், அதற்குப் பிறகும் அழவில்லை. அரைத் தோசைக்கு மேல் சாப்பிடவும் இல்லை. மகள் பிரீத்திகாவுக்குச் சடை பின்னுவார், துணி துவைப்பார், கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் படத்தைப் பார்ப்பார். ஒன்பது வயதுப் பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் அரைத் தோசையோடு எழுந்துவிடும்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் காளீஸ்வரன், நீ போய் அவர்களோடு இருந்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார். சூலக்கரையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மதினியிடம் சொல்ல ஆறுதலாக ஒரு பேச்சைத் தயார் செய்தேன். நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், நீங்கள்தான் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று. திருத்தங்கல் வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டு வாசலில் மதினியைப் பார்த்ததும், “பஸ்ஸுல ஒரே கூட்டம் மதினி” என்றேன். அடுத்த ஏழு நாளும் அதைவிடப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கம்பெனி சூப்பர்வைசர் தனுஷ்கோடி அண்ணாச்சி ஒரு கிஃப்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளி ஆள் வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். சும்மா நின்றால் ஒட்டுக்கேட்பதாக நினைப்பார்களே என்று மிக்ஸியைப் போட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். மத்தியானம் மூன்று மணி, இட்லி தோசை சாப்பிடுகிற நேரமே இல்லை. அவர் பேசிவிட்டுப் போகிற வரைக்கும் அரைத்தேன். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

வெளியே வந்து பார்த்தால் மதினி அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த அரைத் தோசையும் சாப்பிடவில்லை. மறுநாளும் கட்டிலை விட்டு நகரவில்லை, அடிக்கடி குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புருஷன் இல்லாத தீபாவளிக்குக் கம்பெனி வெடியைக் கொடுத்தனுப்பினால் எந்தப் பெண்ணுக்குத்தான் தாங்கும்? போதாததற்கு அண்ணன் படத்துக்கு முன் விளக்கு எரிகிறது, அதே அறையில் வெடிப்பெட்டி. மதினிக்குத் தெரியாததா? சித்தம் கலங்கித்தான் வைத்திருக்கிறார், நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவுகள் குறைவு. அது ஏன் என்று பிறகு தெரிந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், மதினி குளிக்கப் போயிருந்தார். பெட்டியை எடுத்துப்போய் எதிர்வீட்டு மாரிசெல்வியிடம் கொடுத்தேன். அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள். “உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது, பெட்டியவே தூக்கிக் குடுக்குற” என்று சிரித்தாள். பெரிய காரியம் செய்த நிறைவோடு திரும்பி வந்து, காலி இடத்தில் பழைய சேலை மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தெருவே எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தது, எங்கள் வீட்டைத் தவிர. துக்க வீட்டில் முதல் வருஷம் பண்டிகை கிடையாது, எண்ணெய்ச் சட்டியும் வைக்கக்கூடாது. ஆறு மணி எப்போது ஆகும் என்று பிள்ளைகள் தெருவில் நின்றன. ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிற எங்களுக்கும் காலையில் ஆறிலிருந்து ஏழு வரைக்கும்தான் வெடிக்க நேரம். மதினி கட்டிலுக்கு அடியில் குனிந்தார். மூட்டையை இழுத்துப் பார்த்தார்.

“ரோஜா, இங்கன இருந்த பெட்டி எங்க?”

“மாரிசெல்விட்ட குடுத்துட்டேன் மதினி. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு.”

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்தார். “அது உங்க அண்ணன் கட்டுன பெட்டி.”

தனுஷ்கோடி அண்ணாச்சி குடோனில் லோடு ஏறாமல் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். கட்டுகிற ஆள் யார் என்று தெரிய, பெட்டிக்குள் ஒரு நம்பர் சீட்டுப் போடுவார்கள். அண்ணன் நம்பர் பதினேழு. அவர் கொடைக்குப் போவதற்கு முந்தின நாள் கட்டிய பெட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது. அதைத்தான் கொண்டுவந்து கொடுத்து, விவரம் சொல்லிவிட்டுப் போனார். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. செருப்புப் போடாமல் ஓடினேன். எதிரே மாரிசெல்வியின் பிள்ளைகள் மூன்றும் வெடிகளைப் பிரித்து வரிசையாக வைத்து, கையில் ஊதுபத்தியோடு நின்றன. அவள் வீட்டுக்காரர் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெடிக்காதீக” என்று கத்தினேன்.

முப்பத்து மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சத்தம் முழுவதும் அதில் வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் ஊதுபத்திகள் அப்படியே நின்றன. போலீஸ் வந்திருக்கா என்று யாரோ மாடியிலிருந்து கேட்டார். துக்க வீட்டுக்காரி தீபாவளிக் காலையில் தெருவுக்கு வந்து வெடிக்காதே என்று கத்துகிறாள். பொறாமை என்று நினைத்திருந்தாலும் அதில் தப்பில்லை. நான் எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளத் தொடங்கினேன். மாரிசெல்வியின் வீட்டுக்காரர் மெதுவாக, “மொதல்ல அதக் கீழ வையிங்க, சுத்தி ஊதுபத்தி எரியிது” என்றார். வெடிக் கம்பெனி ஊரில் பிறந்து, வெடிக் கம்பெனி வீட்டில் வளர்ந்தவள் நான்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மாரிசெல்விக்கு முகம் செத்துவிட்டது. “ஏத்தா, நேத்தே சொல்லக்கூடாதா?” என்றாள். எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். வெடி எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் பெட்டி, என்று இழுத்தாள். பிறகு உள்ளே போய் அதைத் தூக்கி வந்தாள். பெட்டிக்குள் வாழை இலை விரித்து அதிரசமும் முறுக்கும் அடுக்கியிருந்தது. எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுப்பது வழக்கம். எங்களுக்குக் கொடுக்கத்தான் அந்தப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

அதற்குள் மதினி தெருவைத் தாண்டி வந்துவிட்டார். பின்னால் பிரீத்திகா. மாரிசெல்வி வீட்டுக் கேட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்து, பெட்டியை வாங்கி, இலைக்கு அடியில் கையை விட்டார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சீட்டு வந்தது. தேதியும் பதினேழும் போட்டிருந்தது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் அண்ணன் எப்போதும் போடுகிற சின்னக் கோடும் இருந்தது.

அதை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார்.

“வெடிங்க. அடுத்த வருசம் வரைக்கும் வச்சிருந்தா நமத்துத்தான போகும். அவுக கட்டுனதுல எதுவும் நமத்து நான் பார்த்ததில்ல. இன்னைக்கும் பாப்போம்.”

ஒவ்வொன்றாக வைத்தார்கள். மதினி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். சரம், சங்குசக்கரம், பூவாணம், எல்லாம் பிடித்தன. கடைசிப் பூவாணம் ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியதும் மதினி, மாரிசெல்வி வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். ஆடி மாதத்திலிருந்து வராத அழுகை. தெரு முழுக்க வெடித்துக்கொண்டிருந்ததால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

பஸ்ஸில் மனப்பாடம் செய்த பேச்சைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து மதினி கையில் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றார்.

“கந்தக வாசம் அடிக்கிது” என்றார். இன்னொன்று எடுத்தார்.

பிரீத்திகா வாயில் முறுக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தை, அப்படிக் கத்துனது நீங்கதானா?” என்று கேட்டாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இப்போது மதினி திரும்பவும் திரி அறைக்கு வேலைக்குப் போகிறார். சீட்டு அண்ணன் படத்தின் சட்டத்தில் செருகியிருக்கிறது, பெட்டியில் பிரீத்திகாவின் ரிப்பன்கள். கம்பெனியில் பதினேழாம் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் வருகிறேன், ஆள் வந்தால் இப்போதும் அடுக்களைக்குள்தான் இருக்கிறேன், மிக்ஸியை மட்டும் போடுவதில்லை. மதினி இரண்டு தோசை சாப்பிடுகிறார். வருஷம் திரும்பிவிட்டது, இந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கிறோம்.