பந்துக்கு விட்ட வயல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. முரசுமோட்டையில் எங்களுக்குக் காணி கிடைத்து, காடு வெட்டித் திருத்தி, இரண்டு போகம் பார்க்க முந்தி என் மனிசன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வரச் சொல்லி அண்ணன்மார் கேட்டார்கள். ஒருத்தர் வீட்டுக் குசினி அடுப்படியில் ஒதுங்கி இருக்க எனக்கு மனம் வரவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து நானே வயல் செய்தேன். பகலில் வேலை இருக்கும். பின்னேரமானால் கதைக்க ஒரு சீவன் இருக்காது.

ஒரு மாசியில் அறுவடை முடிந்த கையோடு, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாய் வந்த வாத்தியார் படலையில் வந்து நின்றார். சித்திரையில் யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதுக்குட்பட்ட பெடியளுக்குப் பந்தடிப் போட்டியாம். பள்ளிக்கூட முற்றம் முழுக்கக் கல்லும் வேரும்.

"அக்கா, உங்கட வயல்தான் நல்ல சமம். நடு வரம்பையும் வெட்ட விட்டியளெண்டால்..." என்று இழுத்தார்.

அந்த வரம்பு என் மனிசன் கட்டினது. அதன் மேல் ஒருதரம் நடந்து வந்து, "வெட்டுங்கோ. திருப்பிக் கட்டித் தரவேணும்" என்றேன்.

அன்றிலிருந்து பின்னேரம் என்றால் வயல் முழுக்கச் சத்தம். எல்லாரும் வெறுங்கால். இடக் காலும் பழகட்டும் என்று, வலக் காலில் அடையாளத்துக்கு ஓலை நறுக்குக் கட்டிவிட்டு, இடக் காலால் மட்டும் அடிக்கச் சொல்லுவார் வாத்தியார். மறந்து வலக் காலால் அடித்தவன் வயலைச் சுற்றி ஓட வேண்டும். "டேய், அது காலோ உலக்கையோ?" என்று ஒருத்தனை ஒருத்தன் நக்கலடிப்பார்கள். நான் குசினிக்குள் நின்றே சிரிப்பேன். பந்து காலில் இல்லாத நேரம் எங்கே ஓடுகிறான் என்பதில்தான் ஒருத்தனின் கெட்டித்தனம் இருக்கிறது என்பது, பார்த்துப் பார்த்து எனக்கே விளங்கியது.

போட்டிக்கு ஏழு நாள் இருக்கையில், பந்தடி நடக்கிற நேரம் தண்ணி விடுகிற விதானையார் வந்தார். திங்கட்கிழமை எங்கள் வாய்க்காலுக்குக் குளத்துத் தண்ணி வருகுதாம், முதல் முறை எனக்காம். முறையை விட்டால் கடைசியில்தான், அதுவும் குளத்தில் மிச்சம் இருந்தால். தண்ணி ஏறினால் வயல் சேறு, பிறகு பந்தடிக்க ஏலாது. வாத்தியாருக்கு முகம் சுண்டிப் போனது. "பரவாயில்லை அக்கா, நீங்கள் விதையுங்கோ" என்றார். பெடியள் பந்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முறையை இன்னொருவரோடு மாற்றலாம். ஆனால் போட்டி முடிந்த கையோடு வருகிற அடுத்த முறை பக்கத்து வயல்காரருடையது. அவரோடு எனக்குக் கன காலமாய்க் கதை இல்லை. என் மாடு அவர் பயிரில் வாய் வைத்ததற்கு, "ஆம்பிளை இல்லாத வீட்டு மாடு அப்பிடித்தான்" என்று சந்தையில் நாலு பேர் கேட்கச் சொன்னவர். செத்தாலும் அவர் வாசல் மிதிப்பதில்லை என்று இருந்தனான். அவர் உழவுக்கு ஒன்றும் ஆயத்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

விடிய எழும்பிப் போனேன்.

"ஆர் இது? பாதை மாறி வந்திட்டியளோ?"

"முறை மாத்திக் கேக்க வந்தனான். நீங்கள் முதல் எடுங்கோ. எனக்கு உங்கட முறை போதும்."

"பந்தடிக்கவோ?" என்று சிரித்தார். "உங்கட பெடியன் ஒருத்தனும் அதிலை இல்லையே."

"இல்லை" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனிசியைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், விதைநெல்லை இண்டைக்கே ஊறப் போடும். தண்ணி எங்களுக்குத்தான் முதல் வருகுதாம்."

அவ்வளவுதான். என்னிடம் ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

பெடியள் அந்தக் கிழமை முழுக்க அடித்தார்கள். போட்டிக்கு லொறியில் போனார்கள். பின்னேரம் நான் றோட்டுக் கரையில் போய் நின்றேன். கத்தலும் தகரம் தட்டுகிற சத்தமுமாய் லொறி வந்தது. வென்றுவிட்டார்கள் என்று அதில்தான் தெரிந்தது. லொறி நிற்கவில்லை. ஒருத்தனும் என் பக்கம் பார்க்கவில்லை. புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சொன்னபடி வந்து வரம்பைக் கட்டித் தந்தார்கள். என் முறைக்குத் தண்ணி ஏறியது. பிறகு பின்னேரங்களில் தவளைச் சத்தம் மட்டுந்தான்.

அந்தப் பெடியளில் ஒருத்தன் வளர்ந்து கொழும்பில் பெரிய அணியில் விளையாடினானாம். என்னைக் கண்டால் அவனுக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரர் வழியில் கண்டால் தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன், அதற்கு மேல் கதை வளரவில்லை. என் ஆயுளில் ஒருத்தர் வாசலில் போய் நின்று ஒன்று கேட்டது அந்த ஒரு நாள்தான். தனிய இருந்து அதை நினைக்கிறபோது நான் தாழ்ந்துபோனதாய் இன்றுவரை தோன்றவில்லை, பிள்ளை பெற்றவள் செய்கிற ஒரு காரியத்தை நானும் செய்ததாய்த்தான் தோன்றுகிறது.